வலது காதுச் சத்தம்

கட்டிங் மாஸ்டருக்கு இரண்டு மாத்திரை. ஒன்று மனசுக்கு, ஒன்று ரத்தக் கொதிப்புக்கு. மனசு மாத்திரையை மனைவியே கையில் கொடுப்பாள். விழுங்கியதும் "ஆ காட்டுங்க" என்பாள். நாக்கைத் தூக்கிக் காட்டுவார். பல வருஷப் பழக்கம். பிரஷர் மாத்திரை வந்தபோது மட்டும், "இதையாவது நீங்களே போட்டுக்கோங்க, நீங்க என்ன சின்னப் பிள்ளையா?" என்று அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்தாள். மரியாதைக்குத்தான் செய்தாள். வினை அந்த வழியாகத்தான் புகுந்தது.

பிரஷர் மாத்திரை போட்ட வாரமே கை நடுங்கியது. துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தி ஓட்டுகிற கை.

"என்ன மாஸ்டர், கத்திக்குக் குளிர்ஜுரமா?" என்றார் இஸ்திரிக்காரர். தையல் பட்டறையே சிரித்தது, அவரும் சிரித்து வைத்தார். ஆனால் அந்த நடுக்கம் அவருக்குப் பழைய பகையாளி. மனநல வார்டில் மனசு மாத்திரை கூடிப்போனபோது டம்ளரைத் தூக்க விடாமல் செய்தது அதுதான்.

பிரஷர் டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் மற்ற மாத்திரையையும் சொல்லியாக வேண்டும். முன்பு வயிற்று வலி என்று வேறொரு டாக்டரிடம் போய் அதைச் சொன்னதும், அவர் முகம் மாறி மனைவியிடம் திரும்பிவிட்டார்: "எல்லாம் மனசுதாம்மா." அன்றோடு வாயை மூடிக்கொண்டவர். தினமும் காலையில் ஒரு பிரஷர் மாத்திரையைப் பிதுக்கி வெட்டுத்துணிச் சாக்குக்குள் போட்டுவிடுவார். அட்டை மட்டும் ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தது.

நடுக்கம் நின்றது. சத்தம் வந்தது. வலது காதுக்குள், தும் தும் என்று.

அதையும் அவர் முன்பே கேட்டிருக்கிறார். உலகமே தன்னைக் கூப்பிடுகிறது என்று நம்பிய நாட்களில் அந்தத் தாளத்துக்குத்தான் முதலாளியின் துணி முழுவதையும் சட்டைகளாக வெட்டித் தள்ளினார். ஒன்றுக்கும் கை இல்லை. அதற்குப் பிறகுதான் வீட்டுக் கத்தரிகள் பூட்டிய பீரோவுக்குள் போயின.

ஒரு விடுமுறைக் காலை, மனைவி மூன்று தடவை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

"காதுல பஞ்சா வச்சிருக்கீங்க?"

"சத்தம்…" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் கண் பீரோவுக்குப் போய் வந்தது. "கூப்பிடுதா?"

"தெரியல. அடிக்குது."

பக்கத்தில் வந்து அவர் கழுத்தோரம் காதை வைத்தாள்.

"எனக்கும் கேக்குதுங்க. ஓடி வந்தவன் நெஞ்சாட்டம் அடிக்குது. பிரஷர் மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"கை நடுங்குச்சு."

"என்கிட்ட சொன்னா என்னவாம்?"

"சொன்னா நீ பீரோவைப் பாப்ப."

அவள் அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தாள். இரண்டு அட்டைகளையும் ஒரே பையில் போட்டாள். "ரெண்டையும் அந்த பிரஷர் டாக்டர் மேஜையிலயே கொட்டுறேன். முகம் மாறினா மாறட்டும். கிளம்புங்க."

அவர் செருப்பு மாட்டக் குனிந்தார். அவர் பார்க்கவில்லை என்று நினைத்து, அவள் பீரோப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டார். நிமிராமல் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். காதுக்குள் சத்தம் விடாமல் அடித்தது.