கூடைக்குப் போட்ட தட்டு

பஸ் ஓடுகிற ரோடு யாருக்குச் சொந்தம் என்று தேசப்பனிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைக்குச் சோறு தண்ணி கிடையாது, வசவுதான். அவன் பட்டது அப்படி.

1946இல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை. அக்கா கோவிந்தம்மா காசிமேட்டில் மீன் எடுத்து எண்ணூர் வரை தலையில் சுமந்து விற்பவள். பக்கத்தில் பஸ் வந்து நிற்கும். கூடையைப் பார்த்ததும் கண்டக்டர் விசில் ஊதிவிடுவான். அந்த வருஷ வெயிலில் இரண்டு தடவை ரோட்டிலேயே மயங்கி விழுந்தாள். வயிற்றில் ஆறு மாசம் வேறு.

உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் மறுபடி வரத் தொடங்கியிருந்தது. பெட்ரோல் இல்லாத நாளில் கரிப்புகையில் ஓட்ட பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டியிருந்த கரி உலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் பஸ்ஸில் உலை போன இடம் காலியாகக் கிடந்தது. தேசப்பன் அக்காவைக் கூடையோடு நிற்கவைத்து நூல் பிடித்து அளவெடுத்தான். சொந்தக் காசில் தகரம் வாங்கி, அவள் தலை உயரத்துக்கு அங்கே ஒரு தட்டு அடித்தான். இறக்கிவிட ஆள் தேட வேண்டாம், தலையிலிருந்து அப்படியே நகர்த்தி வைக்கலாம். மீன் தண்ணீர் யார்மேலும் சொட்டாமலிருக்க ஓரத்தில் ஒரு குழாய். பட்டறைக்கும் பஸ்ஸுக்கும் சொந்தக்காரரான முதலாளி சுற்றிவந்து பார்த்து, "பலே ஆளுடா நீ" என்று முதுகில் தட்டினார்.

முதல் நாள் காலை அக்காவோடு அவனும் ஸ்டாப்பில் நின்றான். பஸ் வந்தது. தட்டில் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டும் ஏறி உட்கார்ந்திருந்தன. மீதி இடத்தில் கோவிந்தம்மா கூடையை நகர்த்தினாள். கண்டக்டர் ஓடிவந்து தள்ளிவிட்டான். அவ்வளவு மீனும் மண்ணில் புரண்டது.

"கலீஜ் பண்ணாத. இது பாஸஞ்சர் சாமானுக்கு. மொதலாளி சொல்லிக்கீறாரு."

தேசப்பன் தட்டின் ஓரத்துக் குழாயைப் பிடித்து ஆட்டினான். "அப்போ இந்தக் கொழா இன்னாத்துக்குடா? டிரங்குப் பொட்டி தண்ணி வுடுமா? சொல்லு."

 உள்ளே இருந்தவர்கள் நேரமாகிறதென்று கத்தினார்கள். மண்ணில் கிடந்த மீனுக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நல்ல ஜனங்கள்.

தேசப்பன் பெட்டிகளை ரோட்டில் இறக்கி வைத்தான். இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்துத் தட்டின் நட்டுகளைக் கழற்றத் தொடங்கினான். கண்டக்டர் அவன் சட்டையைப் பிடித்தபோது கோவிந்தம்மா நடுவில் வந்து நின்றாள்.

"அவன் போட்டது, அவன் கழட்டுறான். வாயும் வயிறுமா கீறேன். மொதல்ல என் மேல கைய வச்சிட்டு அப்பால அவனத் தொடு."

மத்தியானத்துக்குள் அவனுக்கு வேலை போயிற்று. வேறெந்தப் பட்டறைக்காரரும் சேர்த்துக்கொள்ளவில்லை. படகு செப்பனிடப் போனான்.

கழற்றி எடுத்துவந்த அந்தத் தட்டைத் திருவொற்றியூரில், அதே பஸ் நிற்கும் இடத்தில், நாலு மரக் கம்பம் நட்டு நிறுத்தினான். அக்காவின் தலை உயரம், அதே அளவு. குழாயைக்கூட எடுக்கவில்லை. கூடைக்காரிகள் சுமையை நகர்த்தி வைத்து, மூச்சு வாங்கிப் போனார்கள். பஸ் அவர்களை ஏற்றவே இல்லை. கோவிந்தம்மா ஒன்பதாம் மாசம் வரை நடந்தாள்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நின்ற வேட்டிக்காரர் ஒருவர் தம் டிரங்குப் பெட்டியை அந்தத் தட்டில் வைத்தார். கோவிந்தம்மா கூடையோடு எதிரே வந்து நின்றாள்.

"எடு சாமி. இது கூடைக்குப் போட்டது. பொட்டியத் தரையில வை."

அவர் எடுத்துத் தரையில் வைத்தார்.