தெரேசாவின் கைக்காசு

தெரேசா மாதத்தில் இரண்டு தடவை எங்கள் சங்கக் கந்தோருக்கு வருவார். வீட்டுக்கடன் தவணை கட்ட ஒரு தரம், பத்து ரூபாய் மேலதிகமாகக் கட்ட இன்னொரு தரம். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்து தொலைத்தால் அவருக்கும் பஸ் காசு மிச்சம், எனக்கும் ஒரு ரசீது மிச்சம் என்று எரிச்சலாக வரும். ஹட்டனில் ஒரு வீட்டுக்கடன் சங்கத்தில் பதினான்கு வருடம் காசு வாங்கிப் போட்ட நடராசா நான். சங்கத்தின் பெயர் இப்போது எதற்கு? தெரேசாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

றொசல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்து, பன்னிரண்டு வயதில் கூடை தலையில் ஏறிவிட்டது. புருஷன் மரியரட்ணம் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லொறி டிரைவர். தோட்டம் கொடுத்த இரண்டு அறை குவாட்டர்ஸில் குடித்தனம். டோரீன் என்று ஒரே மகள். ஐம்பத்தைந்து வயதானால் டிரைவர் வேலை போகும், வேலை போகும் அன்றே குவாட்டர்ஸும் போகும். மரியரட்ணத்துக்கு 1961 பெப்ரவரிக் கடைசியில் ஐம்பத்தைந்து முடிகிறது. அந்தத் தேதிதான் தெரேசாவின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அதனால்தான் 1951ஆம் வருடக் கடைசியில், ஹட்டன் கோயிலுக்குப் பின்னால் படியேறிப் போகும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டை வாங்கினார்கள். கையிருப்பும் தாலிக்கொடியும் போக மூவாயிரம் ரூபாய் எங்களிடம் கடன். வீடும் அதன் உறுதிப் பத்திரமும் எங்களிடம் ஈடு. பதினைந்து வருடம், மாதம் இருபத்தெட்டு ரூபாய் அறுபத்தேழு சதம். வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பத்தைக் குடிவைத்து, அந்த வாடகையோடு கையிலிருந்து கொஞ்சம் போட்டுத் தவணை கட்டுவதாக ஏற்பாடு.

கையெழுத்து வைத்த அன்று மரியரட்ணம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி என்னிடம் ஒன்று சொன்னார்.

"எங்கப்பா கங்காணிக்கிட்ட பட்ட கடனோடயே செத்தாருங்க. கடன் சீட்ட எழுதி ஆளையே அடுத்த தோட்டத்துக்கு மாத்துவாங்க. அதனால கடன் தீராம அந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். பதினஞ்சு வருசம்னா எனக்கு அறுவது வந்திரும். நடுவுல எங்க போயி நிக்கிறது?"

நான் கணக்கில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற திமிர் எனக்கு உண்டு. பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்துச் சொன்னேன்: "மாதம் பத்து ரூபா கூடக் கட்டினால் ஒன்பது வருசத்திலை தீர்ந்துவிடும். அறுபத்தொண்டு பெப்ரவரியிலை முடியும்."

பக்கத்தில் நின்ற தெரேசாவின் முகம் வெளுத்துப் பிறகு சிவந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. பத்து ரூபாய்க்கு வழி அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து அதிகமாக இருந்தால் தோட்டத்தில் கைக்காசு போடுவார்கள். மாதச் சம்பளத்தில் சேராது, எடுத்த கொழுந்தை நிறுத்து அங்கேயே கையில் காசாகக் கொடுப்பது. கொழுந்து குறைந்த மாதங்களில் தையல் வேலை.

அந்தக் கைக்காசைத்தான் அவர் தனியாகக் கொண்டுவந்தார். தோட்டத்தில் சம்பளம் வேறு நாள், கைக்காசு வேறு நாள். ஒன்றோடு ஒன்றைக் கலந்தால் எது எதற்கு என்ற கணக்குக் கெட்டுவிடும் என்பது அவர்கள் வழக்கம். தனியாகக் கொடுத்தால் தனியாகவே வரவு வைப்பார்கள், அதற்கு மேல் வாய் திறக்க வேண்டியதில்லை. சங்கமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

சங்கம் அப்படி இல்லை. மேலதிகமாக வரும் காசைக் கடனின் முதல் தொகையில் கழிக்க வேண்டுமென்றால் கடன்காரர் ஒரு கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் அது அடுத்தடுத்த தவணைக்கு முற்பணமாகப் போய்க் குந்திக்கொள்ளும். முதல் அப்படியே நிற்கும், வட்டியும் அப்படியே ஏறும். இதை அன்றைக்கு நான் சொல்ல மறந்துவிட்டேன்.

மறந்தது பிழை. மூன்றாம் மாதம் அவர் ரசீதை எழுதும்போது ஞாபகம் வந்தது. அப்போதும் சொல்லவில்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை? ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு காரணம். கந்தோரில் ஆள் கூட்டம். எனக்குத் தலையிடி. முற்பணம் கூடினால் மனேஜருக்குச் சந்தோசம். போன மாதமே சொல்லாமல் இந்த மாதம் சொன்னால் என் பிழை வெளியே வரும். உள்ளதைச் சொன்னால், தோட்டத்துப் பெண்ணுக்கு இவ்வளவு விளக்கம் எதற்கு என்ற யாழ்ப்பாணத்தான் நினைப்பும் எனக்குள் இருந்தது. "இது கைக்காசு ஐயா" என்று மடித்த நோட்டை நீட்டுவார். "சரி, வையும்" என்பேன். மூன்று வருடம் எனக்கு வாயில் கொழுக்கட்டை.

1954 டிசம்பரில், மழைக்குப் போட்ட சாக்கோடு வந்து நின்று கேட்டார். "ஐயா, மூணு வருசமாச்சு. மொதல் எவ்வளவு கொறஞ்சிருக்கு? டோரீனோட அப்பா கேக்கச் சொன்னாங்க."

புத்தகத்தைப் பார்க்கத் தேவையில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் புரட்டினேன். "இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு நிக்குது."

"கைக்காசும் போகவா?"

"கைக்காசு அதிலை சேரேல்லை. அது முற்பணத்திலை கிடக்குது, முன்னூற்றறுபது. நீர் கடிதம் தரேல்லையே."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் சட்டம் பேசித் தப்பியிருப்பேன். அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல்களெல்லாம் கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்து வெடித்திருந்தன. "நாந்தான் கேட்டிருக்கணும். கேக்காம விட்டது என் புத்தி" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

சொல்வதற்குப் பதிலாக வேலை செய்தேன். மனேஜரிடம் போய் அந்த முன்னூற்றறுபதை முதலுக்கு மாற்றக் கேட்டேன். கணக்குப் பரிசோதனை முடிந்த புத்தகத்தில் கை வைக்க முடியாது என்று விரட்டினார். இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த முற்பணத்தில் பன்னிரண்டு மாதத் தவணை அடங்கிவிடும். ஆகவே வருகிற வருடம் அவர் கொண்டுவரும் காசு முழுவதையும் முதலுக்கென்று கடிதம் கொடுத்துக் கட்டலாம். கடிதத்தை நானே எழுதினேன். அந்த வருடத்துக்குப் பன்னிரண்டு பிரதி. அவர் கையெழுத்து மட்டும் வைத்தார்.

"இப்பிடிக் கட்டினா எப்ப முடியும் ஐயா?"

"அறுபத்தொண்டு மே."

"மூணு மாசந்தான் பிந்துது. போகட்டும்" என்றார். என்னைத் தேற்றுவதுபோல இருந்தது அவர் சொன்ன விதம். அன்றிலிருந்து அவரை நீர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, நீங்கள் என்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் பார்த்தது தேய்மானம்தான். வருகிற ஒவ்வொரு முறையும் ஆள் ஒரு சுற்று இளைத்திருப்பார். ஒருமுறை கால் ஆணிக்கு மருந்து வாங்க வைத்திருந்த இரண்டு ரூபாயும் அந்தப் பத்துக்குள் இருந்தது என்று பிறகு தெரிந்தது. சுவரோரப் பலகை வாங்கில் உட்கார்ந்து தன் பெயரைக் கூப்பிடுமுன்பே தூங்கிவிடுவார். எழுப்பினால் திடுக்கிட்டு முதலில் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்ப்பார். "ஒரு மாதம் கைக்காசை விடுங்கோவன், தெரேசா" என்று நானே சொன்னேன். "விட்டா மூணு மாசம் நாலாகும் ஐயா. லொறி ஓட்டி ஓட்டி அவங்களுக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு நிக்கிது. ஓட்டமா ஓடுறேன்" என்றார்.

1961 பெப்ரவரிக் கடைசியில் மரியரட்ணம் லொறிச் சாவியைக் கொடுத்தார். மறுநாளே குவாட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஹட்டன் வீட்டுக்குப் போங்கள் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். வாத்தியாரை எழுப்பினால் வாடகை நிற்கும், தவணைக்கு வழியில்லை. அதோடு அந்த மனிதர் பிடித்த பிடியை விடவில்லை. "மூணு மாசந்தானே" என்று றொசல்லயில் தெரேசாவின் அண்ணன் சூசைரட்ணத்தின் லயத்துக் காம்பிராவில் மூன்று பேரும் போய் ஒண்டினார்கள். ஒரே அறையில் ஒன்பது பேர். மழைக்குக் கூரை ஒழுகியது. ஏப்ரலில் சளி காய்ச்சலாகி, மரியரட்ணம் அந்தக் கூரையின் கீழேயே செத்துப்போனார். எனக்குத் தகவல் வந்தது மூன்றாம் நாள். அன்றைக்கு வந்த யாருக்கும் ரசீதை நான் சரியாக எழுதவில்லை. மனேஜர் என் தலையைத் தின்றார்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தெரேசா கறுப்புச் சேலையோடு வந்தார். கூட டோரீன். பதினான்கு வயதிருக்கும், தகப்பனின் மூக்கு. கடைசிக் காசை எண்ணி வைத்தார். நான் ஈட்டுப் பத்திரத்தில் 'தீர்ந்தது' என்று முத்திரை குத்தி உறுதியோடு நீட்டினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தார்.

"பெப்ரவரியிலேயே முடிஞ்சிருந்தா சொந்த வீட்டுல கெடந்து போயிருப்பாங்க" என்றார். "என்னாலதான். அந்தக் கடிதாசி விசயத்தக் கேக்காம விட்டுட்டேன்."

உங்களால் இல்லை, எனக்கு மூன்றாம் மாதமே தெரியும் என்று சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாகச் சொல்ல வேண்டிய ஒரே வசனம் அதுதான். எழுந்தும் நின்றேன்.

அதற்குள் அவர் மகளின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "இந்த ஐயாதான் டோரீன். இவங்க மட்டும் வழி காட்டலன்னா இன்னும் எத்தன வருசம் கெடந்திருப்போமோ. கும்புட்டுக்க."

அந்தப் பிள்ளை இரண்டு கையையும் குவித்து என்னைக் கும்பிட்டது.

நானும் கையைக் குவித்துக் கும்பிட்டேன். பிறகு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.