தம்பி குடியிருக்கும் ஊர்

பினாங்கில் வேலை பார்க்கும் தம்பி, "அங்க என் வீட்டுல வர்ற வாடகைக்கான வரிக் கணக்கை ஆடிட்டர்கிட்ட குடுத்துடு அக்கா" என்று எழுதியிருந்தான். பி.ஏ. படித்த நான் இருக்கும்போது ஆடிட்டர் எதற்கு என்று நானே நிரப்பி அனுப்பினேன்.

இப்போது அவனுடைய பினாங்கு சம்பளத்துக்கும் வரி கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்று தெப்பக்குளம் பக்கத்தில் ஓர் ஆடிட்டரிடம் ஓடினேன்.

"குடியிருக்கிற ஊர்ங்கிற இடத்துல ஸ்ரீரங்கம்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"அவனுக்கு ஊர் அதுதானே, சார்?"

"இது வரி ஃபாரம்மா, கல்யாணப் பத்திரிகை இல்ல. இங்க குடியிருக்கறவர்னா வெளிநாட்டுச் சம்பளத்துக்கும் இங்க வரி கட்டணும். அப்பீல் போட்டுப் பாக்கலாம். முடியற வரைக்கும் தம்பி இங்க வர வேண்டாம். வந்தா, இங்கதான் குடியிருக்கார்னு சொல்லிடுவாங்க."

வைகுண்ட ஏகாதசிக்கு வருவதாக இருந்தான். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான் என்று நான் எழுதியதால் அவன் ஸ்ரீரங்கத்துக்கு வர முடியாது.

இதை அவனுக்கு எப்படி எழுதுவது? உங்கள் வீட்டு பி.ஏ.க்கள் யாராவது சொல்லுங்கள்.