டாக்டர் சொன்ன பலம்

எங்கள் வீட்டுக் காலை ஜெபத்துக்கும் பாண் வண்டிக்கும் என்ன பொருத்தமோ தெரியாது. பாண் என்றால் வேறொன்றுமில்லை, நம்மூர் பேக்கரி ரொட்டிதான். அதை ஒரு த்ரீவீலரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப அலறவிட்டுக்கொண்டு தெருத்தெருவாக விற்றுவருகிறார்கள். பரமண்டல ஜெபத்தில் ஆகாரம் கேட்கிற இடத்துக்கு நாங்கள் வரும்போது, சொல்லிவைத்தாற்போல் வாசலில் அந்த மெட்டு கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் களுக்கென்று சிரித்துவிடுவேன். என் கணவர் சாமுவேல் கண்ணைத் திறக்காமலே, "முடிச்சிட்டுச் சிரி" என்பார். பாளையங்கோட்டைக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஜெபத்தில் சிரித்தால் எங்கம்மா தொடையில் கிள்ளுகிற கிள்ளில் ரத்தம் கட்டிவிடும். இலங்கையில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த இந்த உக்குவளைக்காரர்கள் கர்த்தரோடு கொஞ்சம் தாராளமாகவே பழகுகிறார்கள்.

சாமுவேலின் பாட்டனார் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உறவு விட்டுப்போகாததால், மாத்தளையில் மிளகும் ஏலமும் வாங்கி அனுப்பும் கடையில் வேலை பார்க்கும் இவருக்கு என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். கடல் தாண்டியா கொடுப்பது என்று அம்மா முறைத்துக்கொண்டாள். அதுவென்ன கடலா, வாய்க்கால் என்றார் அப்பா. வந்த மறுவருஷம் நாலாம் மாதத்தில் என் கரு கலைந்தபோதுதான் அது வாய்க்கால் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. படுத்துக் கிடந்தவளுக்குக் கஞ்சி வைத்துத் தர அம்மா இல்லை. கோயிலுக்குப் போனேன், போகாமல் இல்லை. ஆனால் எல்லாரும் பாடும்போது நான் வாயைத் திறக்கவில்லை. கர்த்தர் மேல் கோபம் என்று சொல்லக்கூட அப்போது பயமாக இருந்தது.

போன வருஷம் மறுபடியும் உண்டானேன். செய்தி போன அன்றே அம்மா போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "தலைப்பிரசவம் தாய்வீட்லதான். ஏட்டி, மரியாதையா வந்து சேரு." அவள் சொல்லாவிட்டாலும் நான் போவதாகத்தான் இருந்தேன். நம் பக்கத்தில் ராஜா வீட்டுப் பெண்ணானாலும் முதல் பிள்ளைக்குத் தாய்வீடுதானே. சாமுவேலும் தடுக்கவில்லை. போய் வா, நான் பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றார்.

அந்த நேரத்தில்தான் மாத்தளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது, ரத்தம் போகலாம், பிரயாணம் வேண்டாம் என்று டாக்டரம்மா சாமுவேலிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்கு அப்போது சிங்களத்தில் கும்பிடு சொல்லவும் சாப்பாடு கேட்கவும் தெரியும், அவ்வளவுதான். சாமுவேல் விஷயத்தை எனக்குச் சொல்லிவிட்டு மருந்து வாங்க வெளியே போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளையும் போய்விடுமோ, ஊருக்கும் போக முடியாதோ என்று ஸ்கேன் காகிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டரம்மா எழுந்து வந்து, என் தோளில் கைவைத்து, சிரித்த முகமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பலமு."

பலம்! சிங்களப் பெண்மணி, எனக்காகத் தமிழில் ஒரு வார்த்தை தேடிப் பிடித்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதுவும் எந்த வார்த்தை! சின்ன வயதிலிருந்து எத்தனை பாட்டில், எத்தனை ஜெபத்தில் கர்த்தரைப் பலமே என்று கூப்பிட்டிருக்கிறேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆமென் என்றேன். டாக்டரம்மா ஒன்றும் புரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

அந்த ஒரு வார்த்தையைத் தின்றே சில வாரங்கள் உயிர் வாழ்ந்தேன் என்று சொல்லலாம். ராத்திரி அசந்து தூங்கினேன். கோயிலில் மறுபடி பாடினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து, அந்நிய பாஷைக்காரியின் வாயால் கர்த்தர் எனக்குப் பலம் என்று வாக்குக் கொடுத்தார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சாமுவேல் மட்டும் குனிந்துகொண்டிருந்தார். உருகிப்போய்விட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் பக்கத்துவீட்டு நஸீமா ராத்தாவோடு கடைக்குப் போயிருந்தேன். ராத்தா என்றால் இங்குள்ள முஸ்லிம்களுக்கு அக்கா. எனக்கு இந்த ஊரில் கிடைத்த அக்காவும் அவர்தான். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் தேங்காய் எப்போது வரும் என்று கேட்டாள். முதலாளி நாளைக்கு என்கிற மாதிரி ஏதோ சொல்லி, கூடவே "பலமு" என்றார். தேங்காய்க்கு எதற்குப் பலம் என்று ராத்தாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பலமு எண்டா பாப்போம் எண்டு சொல்றது. வந்தா வரும், வராட்டி இல்ல."

பாப்போம்! நம்மூரில் கொடுக்க மனசில்லாதவன் சொல்கிற வார்த்தை. டாக்டரம்மாவுக்கே தெரியாததை வாக்குத்தத்தம் என்று நினைத்துச் சபைக்கு நடுவில் சாட்சி வேறு சொல்லி வைத்திருக்கிறேன்! வீட்டுக்கு வந்து சாமுவேலைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும். நீ சாட்சி சொன்ன அன்னைக்கே தெரியும்" என்றார். "சொன்னா நீ தூங்க மாட்ட. அதான் சொல்லல."

அன்றைக்கு அவரிடம் பேசவில்லை. கர்த்தரிடம் பேசினேன், அதுவும் நல்ல பேச்சாக இல்லை. ஏன் என்னை ஏமாறவிட்டீர், ஒரு வார்த்தைதானே கேட்டேன், அதையும் தராமல் என் காதையல்லவா கோணலாக்கினீர் என்று கேட்டேன். ரத்தம் போனாலும் போகட்டும், விமானம் ஏறி அம்மாவிடம் போய்விடுவோம் என்றுகூட நினைத்தேன். பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். உள்ளே பிள்ளை உதைத்தது.

இரண்டு துணி மடித்து வைப்பதற்குள் கோபம் வடிந்துவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை நாளும் டாக்டரம்மா பார்ப்போம் என்றுதான் இருந்தார். கர்த்தரும் அதே கர்த்தராகத்தான் இருந்தார். மாறினது என் காது ஒன்றுதான். அப்படியானால் நான் நம்பியது யாரை? அவரையா, பிள்ளை பிழைக்கும் என்கிற சேதியையா? சேதியைத்தான். அது போனவுடன் அவரையும் சேர்த்துத் தள்ளப் பார்த்தேன். முழங்கால் போட முடியாத வயிறு. உட்கார்ந்தபடியே, என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, உம்மை விட்டால் எனக்குப் போக்கிடமும் தெரியாது என்று சொன்னேன். இவ்வளவு நாள் மனப்பாடமாகச் சொன்ன எந்த ஜெபத்தையும்விட அது உண்மையாக இருந்தது. பெட்டியைத் திரும்ப அலுமாரி மேல் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து நின்றேன். நடுக்கத்தில் எங்கள் ஊர்ப் பேச்சே வாயில் வந்துவிட்டது.

"டாக்டரம்மா பலம்னு சொல்லலை, பாப்போம்னுதான் சொன்னாவ. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் ஊருக்குப் போகலை. இங்கயே இருந்து கர்த்தரை நம்பப் போறேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிக்க, கோயிலே சிரித்தது. என் சாட்சிக்கு அவ்வளவு பலமான ஆமென் அதற்கு முன் விழுந்ததில்லை. அன்றையிலிருந்து சபைப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் சமைத்தார்கள். நஸீமா ராத்தா மீன்குழம்போடு வருவார்.

கடைசி மாதத்து ஸ்கேனில் நஞ்சு மேலே ஏறியிருந்தது. பலருக்கும் தானாகவே ஏறிவிடும் என்றார் டாக்டரம்மா. தானாக ஏறியதற்கும் நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஏறாமல் போயிருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: அழுதுகொண்டாவது சொல்லியிருப்பேன். அந்தத் தைரியம் இப்போது எனக்கு இருக்கிறது.

ஒரு மத்தியானம் பெண்பிள்ளை பிறந்தாள். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் சாமுவேல் போனில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பேத்தியைப் பார்த்து முடித்ததும் அம்மா என்னைக் கேட்டாள்: "வலியில யாரைக் கூப்பிட்ட? இயேசப்பாவையா, என்னையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரசவ அறையில் என்னைச் சுற்றிலும் சிங்களப் பெண்கள். அம்மே என்றும், கடவுளே என்பதற்குத் தெய்யனே என்றும் அவர்கள் கத்தக் கத்த, என் வாயிலும் அதுவே வந்திருந்தது.

"ரெண்டு பேரையும்தான்மா கூப்பிட்டேன். ஆனா சிங்களத்துல கூப்பிட்டுட்டேன்."

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அவருக்குக் கேட்டிருக்கும்" என்றாள். "எனக்குத்தான் கேக்காமப் போச்சு."

நான் பிள்ளையை இன்னும் கொஞ்சம் போன் பக்கமாக நகர்த்திப் பிடித்தேன்.