பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவர்

சிறு வயதிலிருந்தே, பரிசுத்த ஆவியைக் குறிக்கும் தேற்றரவாளன் என்ற சொல் எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. மலாக்காவில், புக்கிட் ரம்பாய் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் யாராவது இறந்தால், ஜெபம் செய்ய வருகிறவர் யோவான் சுவிசேஷத்தில் அந்தச் சொல் வரும் பகுதியை வாசிப்பார். என் அம்மாவின் சவப்பெட்டிக்கு முன்னாலும் அதையே வாசித்தார். தேற்றரவாளன் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்றால், அந்த வீட்டில் நடக்கக் கூடாதது நடந்து முடிந்துவிட்டது என்று என் மனத்தில் பதிந்துபோயிற்று.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த காலத்தில் நான் காஜா பேராங்கில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் குடியிருந்தேன். டவுனில் ஒரு மளிகைக் கடையில் நிறுத்துப் பொட்டலம் கட்டும் வேலை. மனைவி மலாக்காவில் பிறந்தவள், பிள்ளைகளும் அப்படியே. நான் மட்டும் நான்கு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவன். எங்கள் வீட்டில் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியவன் நான் ஒருவன்தான். முதல் வருஷத்தில் போனவர்களுக்கு மலாய்ப் பரீட்சை இல்லை என்றார்கள். அதிகாரிக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்ற கூச்சத்தில் நான் தள்ளிப்போட்டேன். நான் மனுப் போட்டபோது, மலாய் பேசிக் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது.

மனு தள்ளுபடியானவர்களைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று கடைக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையா பொய்யா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மிளகாய் நிறுக்கும்போது எடைக்கல் மாறிப்போயிற்று. நான் பிறந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வாசல்கூட இல்லை. பிள்ளைகள் என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கரையில் நிற்பது போல ஒரு காட்சி, நினைக்காதபோதெல்லாம் வந்தது.

நேர்காணலுக்குச் சித்தப்பாவை அழைத்துப் போனேன். அவர் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வழக்கம் அப்படி. துரை முன்னால் போனால் நாம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நிற்க வேண்டும். கேள்வி நம்மைப் பற்றியதாக இருந்தாலும் பதில் கங்காணியின் வாயிலிருந்துதான் வர வேண்டும். நாமே பேசினால் திமிர் என்பார்கள்.

அந்த அதிகாரி இளவயது மலாய்க்காரர். பெயர் கேட்டார். சித்தப்பா சொன்னார். எங்கே வேலை என்று கேட்டார். அதையும் சித்தப்பாவே சொன்னார். நான் மரியாதைக்காகத் தலை குனிந்தே நின்றேன். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"இவருக்கு மலாய் தெரியாது. திரும்ப வரச் சொல்கிறேன். அப்போது இவரே பேசட்டும். அதோடு முடிவு சொல்லிவிடுவேன்."

படியிறங்கும்போது சித்தப்பா என்னைத்தான் திட்டினார். "நான் எவ்வளவு பேசினேன்! நீ முகத்தையாவது கொஞ்சம் பாவமா வச்சிருக்கக் கூடாதா?"

வீட்டில் மனைவி வேறு மாதிரி திட்டினாள். "குடியுரிமை உங்களுக்கா, சித்தப்பாவுக்கா? அவருக்குத்தான் ஏற்கெனவே கெடச்சிருச்சே! இன்னொண்ணு எதுக்கு, சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டவா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வேதபாட வகுப்பு நடந்தது. போதகர் எடுத்துக்கொண்டது அதே பகுதி. எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. நாலு பேர் பார்ப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது இதுதான். நம் வேதாகமத்தில் தேற்றரவாளன் என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் பராக்லேட்டோஸ் என்ற சொல் இருக்கிறது. யோவானின் முதல் நிருபத்திலும் அதே சொல்தான் வருகிறது; அங்கே பரிந்து பேசுகிறவர் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்று வரும். அந்தக் காலத்தில் ஒருவன் விசாரணைக்கு நிறுத்தப்பட்டால், தனக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்வான்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "ஐயா, அப்படி நிக்கிறவர் இவனுக்குப் பதிலாப் பேசுவாரா, சும்மா நிப்பாரா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ரெண்டும் உண்டும்மா. நிருபத்துல நமக்காகப் பிதாகிட்டப் பேசுறார். சுவிசேஷத்துல நாம மறந்ததை ஞாபகப்படுத்துறார். ஆனா எங்கேயும் இவனை வீட்டுல உட்காரச் சொல்லிட்டு அவர் தனியாப் போகலை. விசாரணை இவனுக்குத்தானே?"

"அப்ப பக்கத்துல ஆள் வச்சுக்கிட்டா தப்பில்ல?"

"தப்பேயில்லை."

"சரிங்கய்யா" என்றாள். பெண்களில் யாரோ சிரித்தார்கள்.

அழைக்கப்படுகிறவர் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறவர் என்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அதனால் பயம் குறைந்தது என்று சொல்ல முடியாது. என் விஷயத்தில் முடிவு இன்னும் வரவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

இரண்டாம் முறை மனைவி என்னோடு வந்தாள். "நான் வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா என்னை வெளிய அனுப்பிருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பாசாரில் மீன்காரனிடமிருந்து பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை எல்லாரிடமும் எனக்காகப் பேசுகிறவள் அவள்.

அதே அதிகாரி. மனைவியைப் பார்த்து முகம் சுளித்தார். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஓரமாக நின்றாள். பெயர், முகவரி, வேலை மூன்றும் சொன்னேன். என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

"கிடைக்காவிட்டால் எங்கே போவீர்கள்?"

அந்தக் கப்பல் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. தெரிந்த மலாய் ஒரு சொல்லும் நாக்கில் இல்லை. சுவரில் பல்லி ஓடியது. மனைவி மூச்சை இழுப்பது கேட்டது, ஆனால் அவள் பேசவில்லை. அதிகாரி அவளிடம் திரும்பினார்.

"இவர் ஊமையா?"

"தா, துவான். டியா தாக்குட்" என்றாள். இல்லை ஐயா, இவருக்குப் பயம். அவ்வளவுதான் சொன்னாள்.

அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு மறைக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தலையைத் தூக்கினேன். போக எனக்கு வேறு இடம் இல்லை என்றேன். பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள் என்றேன். கடைசியாக, "சாயா புஞ்ஞா எமாக் தானாம் சினி, துவான்" என்றேன். என் அம்மாவை இங்கேதான் புதைத்திருக்கிறது. கடைத்தெரு மலாய்தான், இலக்கணம் ஒன்றும் இல்லை.

அவர் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். உறுதிமொழி எடுக்கக் கூப்பிடுவோம், வெள்ளைச் சட்டை போட்டு வாருங்கள் என்றார். எழுதியதைத் தலைகீழாகவாவது படித்துவிடப் பார்த்தேன், கண் கலங்கியிருந்ததால் தெரியவில்லை.

வெளியே வந்ததும் ஆற்றோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். மனைவியும் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை அவள் இன்னும் விடாமல் பிடித்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"இனிமே மீனு வெல நீங்களே கேளுங்க" என்றாள்.

அதற்கும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.