சவரிமுத்து அண்ணன் பிடித்த அட்டை

சவரிமுத்து அண்ணன் அட்டையைத் தப்பான இடத்தில் பிடித்தார். தெரியாமல் பிடிக்கவில்லை. நான் சொல்லியும் பிடித்தார்.

என்ன அட்டை, யார் சவரிமுத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சின்னமனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோயில் ஊர். திருவிழாவுக்குத் தேர் சுற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கோயிலை ஒட்டிய பங்கு மன்றத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பழைய சினிமா போடுவோம். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் சிறுசுகள். புதுப்படம் போட மாட்டோம். புதுப்படத்தில் வெட்டும் குத்தும் ரத்தமும்... ஆகவே 'குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி' பழைய படம். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. குழுத் தலைவர் சவரிமுத்து அண்ணன் — கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர், ஹார்டுவேர் கடைக்காரர். அடுத்தவர் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜெபம் சொல்லிக் கொடுப்பவர், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுபவர். மூன்றாவது ஆள் நான். 'பெண்கள் தரப்பில் ஒருத்தர் இருக்கட்டும்' என்று இந்த வருடம்தான் சேர்த்தார்கள்.

பழைய படத்திலும் மழைப்பாட்டு இருக்கும், அருவிக் குளியல் இருக்கும். அதற்குத்தான் அட்டை. அந்தக் காட்சி வரும்போது புரொஜெக்டருக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். படம் மறையும். பாட்டு மட்டும் கேட்கும். பாட்டு முடிந்ததும் அட்டையை எடுப்பார்.

ஏன், லேப்டாப்பில் அந்த இடத்தைத் தள்ளிவிடக் கூடாதா? தள்ளினோம். ஒரு வருடம் அப்படித் தள்ளப் போய், படம் நேராகக் கடைசிக் காட்சியில் போய் நின்றது. வில்லன் யார் என்றே தெரியாமல் அவன் செத்ததைப் பார்த்துவிட்டு ஜனம் வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அட்டைதான். டேபிள் ஃபேன் வந்த பெட்டியில் கிழித்த அட்டை. வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார், சவரிமுத்து அண்ணனே பிடிப்பார். தேர்வடம் பிடிக்கிற பெருமை அவர் முகத்தில் தெரியும்.

இந்த வருடப் படத்தை முன்கூட்டிப் பார்க்க மூன்று பேரும் ஒரு மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்தோம். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த நடிகரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், சவரிமுத்து அண்ணன் சந்தடியில் தப்பித்துவிடுவார். பழைய கலர் படம். நல்ல படம்தான். சிரிக்க வைத்தது, ஓர் இடத்தில் அழவும் வைத்தது.

ஆனால் பாதிப் படத்துக்கு மேல் ஒரு காட்சி. கணவனோடு கோபித்துக்கொண்டு நாயகி அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கணவன் வருகிறான். நாலு பேர் பார்க்க ஓர் அறை விடுகிறான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறாள். புல்லாங்குழல். கண்ணில் நீர். காலில் விழுகிறாள். அவளுடைய அப்பாவே 'இப்போதுதான் நீ என் மாப்பிள்ளை' என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுத்த காட்சியில் வளைகாப்பு.

"அண்ணே, இதுக்கும் அட்டை பிடிங்க" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "எதுக்கு?"

"அடிக்கிறான்ல?"

"அடிக்கிறான். அவ திருந்துறா. நல்ல கருத்துதானத்தா?" என்றார். பிறகு உபதேசியார் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ள சேலையெல்லாம் ஒழுங்காத்தான கட்டியிருக்கு? ஒரு இஞ்சு இடுப்புத் தெரியுதா? இதுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு உபதேசியாரே?"

உபதேசியார் தலையாட்டினார்.

"அருவியில அவ தனியாக் குளிக்கிறா. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்ல. அத மறைப்பீக. இங்கன ஒருத்தன் கை நீட்டுறான், அத ஊரக் கூட்டிக் காட்டுவீகளா?"

"ஏத்தா, அது அந்தக் காலத்துப் படம். அந்தக் காலத்துல அப்பிடித்தான்."

"அருவியில குளிச்சதும் அந்தக் காலந்தானண்ணே? அவளுக்கு மட்டும் ஏன் இந்தக் காலத்து அட்டை?"

"ஒன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியாது" என்று எழுந்து காபி சொல்லப் போனார். இரண்டுக்கு ஒன்று. மழைப்பாட்டுக்கும் அருவிக்கும் அட்டை. அறைக்கு இல்லை.

நான் ஏன் அந்த ஒரு காட்சிக்கு அவ்வளவு மல்லுக்கட்டினேன்? காரணம் இருக்கிறது. காரணத்தின் பெயர் ஜெனிட்டா.

பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் மதினியின் மகள். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். போடியில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஏலக்காய் வியாபாரத்தில் இருக்கிறார். குடிப்பது இல்லை, கோயிலுக்குத் தவறாமல் வருவார், கை மட்டும் நீளும். அப்படி ஒரு நாள் அறைந்ததில் ஜெனிட்டாவைத் தேனி ஆஸ்பத்திரியில் காட்டினோம். இடது காதுக்குள் சவ்வு கிழிந்திருக்கிறது என்றார்கள். அதன் பிறகு அவள் போடிக்குப் போகவில்லை. மாதக்கணக்காக அம்மா வீட்டில் இருக்கிறாள். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "போட்டே எழுதுங்க அத்தை. ஊருக்கே தெரிஞ்சதுதான" என்றாள்.

அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று பேச மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. என்றைக்கு? தேரன்று, காலைப் பூசை முடிந்ததும். எங்கே? அதே பங்கு மன்றத்தில். நடுவில் உட்கார்ந்து பேசுகிறவர் யார்? சவரிமுத்து அண்ணன். முந்தின நாள் சாயங்காலம் சினிமா. அதற்கும் அவர்கள் வந்துவிடுவார்கள் — திருவிழாவாச்சே!

இது அத்தனையும் தெரிந்துதான் அந்த மத்தியானம் காபி சொல்லப் போனார்.

சினிமா அன்று சாயங்காலம் மைக்கைப் பிடித்து, "நம்ம குழு பார்த்துத் தேர்ந்தெடுத்த படம். குழந்தை குட்டிகளோடு, குடும்பத்தோடு, எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்க்கலாம்" என்று அறிவித்தார். படம் ஓடியது. மழைப்பாட்டு வந்தது. அண்ணன் அட்டையோடு எழுந்தார். "அட்டைய எடுங்கப்பா!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "கை வலிக்கப் போகுது மாமா, ஒக்காருங்க!" என்று இன்னொன்று. பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்த அறை.

விசில் என்றால் அப்படி ஒரு விசில். "போடு!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல். பெண்கள் பக்கத்திலும் தட்டினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் தலையைத் திருப்பி, என் பக்கத்தில் இருந்த ஜெனிட்டாவைப் பார்த்தார்கள். திரையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்கள். ஜெனிட்டாவின் கை இடது காதுக்குப் போனது. அங்கேயே இருந்தது. சவரிமுத்து அண்ணன் புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டை அவர் மடியில் கிடந்தது.

இதை எங்கள் ஊர்ப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைக்கிறீர்களா? உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது? பண்டிகை நாளில் டிவியில் சிறப்புப் படம் ஓடுகிறது. ஜோடி கொஞ்சம் நெருங்கி வந்ததும் வீட்டு ஆம்பளைக்குத் திடீரென்று செய்தி பார்க்க ஆசை வரும். சேனல் மாறும். வானிலை அறிக்கையைக் குடும்பமே உற்றுப் பார்க்கும். பாட்டு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரும்பி வருவார். அதே படத்தில் கணவன் அறைகிறபோது என்றைக்காவது சேனல் மாறியிருக்கிறதா? எங்கள் வீட்டில் மாறியதில்லை. காலையில் வருகிற சிறப்புப் பட்டிமன்றத்தில் 'பொண்டாட்டியிடம் அடி வாங்காத புருசன்' ஜோக்குக்கும், 'ரெண்டு தட்டுத் தட்டினால் சரியாப் போகும்' ஜோக்குக்கும் குடும்பமே சிரிக்கிறது. குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கக் கற்றுக்கொள்கின்றன.

பழைய படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பழைய படம் உயிர். வெட்டிப் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. மறைப்பது என்று இறங்கிவிட்டால் எதை மறைக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா? இடுப்பைப் பார்த்துக் கெட்டுப்போன குடும்பம் எதையும் எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. காது கிழிந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் பூசை முடிந்தது. மன்றத்தில் நாற்காலி போட்டார்கள். வெள்ளைத் துணி இன்னும் சுவரில்தான் இருந்தது. மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருடைய சித்தப்பாதான் பேசினார். ஜெனிட்டாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எல்லாரும் படம் பாத்தீகல்ல?" என்று ஆரம்பித்தார். "கோயில்ல போட்ட படம். ஊரே ஒக்காந்து பாத்து ரசிச்ச படம். அதுல அவன் அடிக்கலையா? அவ திரும்பிப் போகலையா? நல்லாப் பொழைக்கலையா? எங்க பய என்ன ஊர்ல இல்லாததையா செஞ்சுட்டான்? சொல்லுங்க செயலாளரே."

சவரிமுத்து அண்ணன் சிரித்தார். "ஞாயந்தான். ஏதோ ஒரு கோவத்துல..." என்றார். "ஆத்தா ஜெனிட்டா, பெரியவுக எறங்கி வந்து பேசுறாக. என்ன சொல்ற?"

ஜெனிட்டா சித்தப்பா பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"மாமா, இந்தப் பக்கம் வந்து ஒக்காந்து பேசுங்க. அந்தக் காதுல விழாது."

சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள்: "படத்துல அடி வாங்குனவுக அடுத்த படத்துல நடிக்கப் போயிட்டாக. நா அங்கனயே கெடக்கணும். போக மாட்டேன்."

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. "கோவத்துல பேசாத ஆத்தா. வர்ற ஞாயித்துக்கெழம பூச முடியவும் வந்து முடிவச் சொல்லு. நல்ல முடிவாச் சொல்லு" என்று சவரிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். தேருக்கு நேரமாகிவிட்டதாம்.

அன்று சாயங்காலம் மரியபுஷ்பம் மதினி என் வீட்டுக்கு வந்தார். இத்தனை மாதமும் மகளை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவர். "அனுப்பிரலாம்னு பாக்குறேன்" என்றார்.

"என்ன மதினி இப்பிடிப் பேசுறீக? நேத்து வரைக்கும்..."

"நேத்து வரைக்கும் ஊரு எம் பக்கம்னு நெனச்சேன். அந்த அடிக்கு எம்புட்டுப் பேரு கை தட்டுனாக, பாத்தீகல்ல? அவுகதான நாளைக்கு எம் பிள்ளைக்கு ஞாயம் சொல்லப்போறாக? அவுகள நம்பி எத்தன நாளைக்கு இவள வச்சிருக்க?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

இதைப் படிக்கிறபோது அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் வந்திருக்காது. ஆகவே சவரிமுத்து அண்ணே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கடையில் வைத்து என்னிடம் தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். உபதேசியாரைத் தூது அனுப்பவும் வேண்டாம். பூசை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்க மைக் உங்கள் கைக்கு வரும். 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று சொன்ன அதே மைக். அதில், கை தட்டிய அத்தனை பேருக்கும் முன்னால் சொல்லுங்கள் — மழையில் நனைந்தவளை மறைத்த அட்டை, ஓர் அறை விழுந்தபோது ஏன் உங்கள் மடியில் கிடந்தது?

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். ஜெனிட்டாவுக்கும் கேட்க வேண்டும்.