உறைகிணற்றில் ஏறிய உப்பு

பேனா கனம்தான் இருக்கும் எலக்ட்ரோடு. நுனியைத் தண்ணீரில் வைத்தால் போதும், அதில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உப்பின் குளோரைடை மட்டும் தேடும். உப்பு ஏற ஏற மீட்டரில் எண் இறங்கும். ஒவ்வொரு முறையும் வடிநீரில் கழுவி, துடைக்காமல், காகிதத்தில் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு எண் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். செங்கல்பட்டு ஆய்வகத்தில் என் பாதி ஆயுள் அந்தக் காத்திருப்பில் போயிருக்கிறது.

போன கோடையில் கடப்பாக்கம் போனேன். மணலுக்கடியில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று கிணறு கிணறாகப் பார்ப்பது வேலை. ஒரு வீட்டு உறைகிணற்றருகே பிளாஸ்டிக் நாற்காலியில் வீங்கிய கால்களோடு ஒரு மீனவர் உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீரில் எலக்ட்ரோடை இறக்கினேன். எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னா மேடம், மெசினு இன்னா சொல்லுது?"

"உப்பு ஜாஸ்திங்க."

"நான் சொல்லல? என் தம்பி வந்துகினு கீறான்."

தம்பியைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தொழிலை விட்டவர், அதன்பிறகு கடலில் கால் வைக்கவில்லை. கிணறு உப்புக் கரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த நாற்காலியை விட்டு எழுவதில்லையாம். குனிந்து, உள்ளே பார்த்து, வலையைப் பற்றியும் விலையைப் பற்றியும் தம்பியோடு பேசுகிறாராம்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கொழம்புல உப்பில்லன்னு ஒரு பேஜாரு, கெணத்துல உப்பு கீதுன்னு ஒரு பேஜாரு. கிட்னி நோவு, உப்பே ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவரு கெணத்தாண்ட குந்திகினு தண்ணியா மொண்டு குடிக்கறாரு."

பக்கத்து வீட்டுக் கிணறு கடலுக்கு இன்னும் கிட்டே. அதன் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. என் கருவிமேல் சந்தேகம் வந்து, அளவு தெரிந்த கரைசலில் வைத்துப் பார்த்தேன். சரியாகவே சொன்னது. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கடல் எப்படி வழி கண்டுபிடிக்கும்?

திரும்பி வந்து மறுபடி வாளியை இறக்கும்போதுதான் பார்த்தேன். உறையின் விளிம்பில் நாலைந்து கல்லுப்பு. அவர் மனைவியைத் தனியாக அழைத்துக் கேட்டேன்.

"சுத்திப் போட்டதும்மா. செவ்வா, வெள்ளி, சில நாள் ரெண்டு வேளையும். கை நெறைய எடுத்து அவர சுத்தி உள்ள போட்ருவேன். உப்பு கரையறாப்புல நோவும் கரையணும்ல?"

"கடல் அங்கேதானே இருக்கு. அதுல போடலாமே?"

"அதுங்கிட்டயா?" அவள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒருத்தனத் துன்னது பத்தாதா? இவரு தலைய சுத்துனத வேற அதுங்கையில குடுக்கணுமா?"

"அந்த உப்பைத்தான் அவர் குடிக்கிறார்."

முந்தானை அவள் வாய்க்குப் போனது.

அந்த வாரமே கிணற்றை இறைத்துவிட்டார்கள். சுற்றிய உப்பை இனித் தெருவில் கரைத்து ஊற்றுவதாகச் சொன்னாள்.

மழை முடிந்து மறுபடி போனேன். அவர் கால் வீக்கம் வடிந்திருந்தது. நாற்காலி அதே இடத்தில்தான். ஒரு வாய் மொண்டு, விழுங்காமல் வைத்திருந்து, துப்பினார்.

"சப்புன்னு கீது." என்னைப் பார்த்தார். "பூட்டானா?"

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதே என்பதுபோல் தலையசைத்தாள். உப்புப் போட்டதை அவரிடம் சொல்லவே இல்லை போல.

"தண்ணி நல்லா இருக்குங்க" என்றேன்.

"அதான் கேட்டேன்" என்றார். பிறகு, "இன்னொரு தபா உட்டுப் பாருங்க மேடம்."

கழுவினேன். ஒற்றினேன். இறக்கினேன். எண் உடனே நின்றுவிட்டது. அவர் கிணற்றுக்குள் குனிந்து காத்துக்கொண்டிருந்தார்.